பரிசலுக்கு மீன் காட்டும் கருவி வேண்டுமா?

கலசப்பாக்கத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். மானாவாரியில் இரண்டு ஏக்கர் மல்லாட்டை, அத்துடன் பங்காளிகள் நாலு பேருடன் சேர்ந்து எடுத்த ஏரி மீன் குத்தகை, இதுதான் அவருடைய ஜீவனம். செய்யாற்றங்கரை ஊர்களில் இப்படி நிலத்தையும் நீரையும் சேர்த்து வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு.

கையில் இருந்த செல்போனில் ஒரு படத்தை ஓட்டிக் காட்டினார். வெளிநாட்டுக் கடலில் ஒருவர் தண்ணீர் ஸ்கூட்டரில் ஏறிப் போகிறார். கைப்பிடிக்கு எதிரே ஒரு சிறு திரை. திரையில் வளைவு வளைவாகக் கோடுகள் ஓடுகின்றன. வண்டியை நிறுத்தித் தூண்டிலை இறக்குகிறார். ஆள் உயர மீன் ஏறி வருகிறது. "ஐயா, இந்தப் பொட்டியை நம்ம பரிசலில் கட்டலாமா?" என்று கேட்டார்.

அந்தப் படத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா நாடுகளில் தண்ணீர் ஸ்கூட்டரில் போய் மீன் பிடிப்பது ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. கனடா நாட்டு நிறுவனம் ஒன்று 2019-ஆம் ஆண்டு மாடலாக, மீன் காட்டும் கருவியும் ஐஸ் பெட்டியும் பொருத்திய தண்ணீர் ஸ்கூட்டரையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவர்களுக்கு மீன் கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று, அவ்வளவுதான். நம்மவருக்குக் கிடைக்காவிட்டால் அன்றைய அரிசிக்குக் கேடு. இந்த வித்தியாசத்தை அப்போதே நான் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை. "முயற்சி செய்து பாருங்கள் தம்பி, புது விஷயம்தானே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முப்பது ஆண்டுகளாக விரிவாக்கப் பணியில் இருப்பவன் வாயிலிருந்து வரும் இப்படிப்பட்ட ஒரு வார்த்தைக்குக் கிராமத்தில் என்ன விலை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மனைவியின் கம்மலை அடகு வைத்துக் கருவியை வாங்கிவிட்டார். ஒன்றரை மாதம் கழித்துப் போன் வந்தது. "ஐயா, திரை நிறைய மீன் தெரியுது. வலையில ஒண்ணும் இல்ல."

அந்தப் போனுக்குப் பிறகுதான் இந்த விஷயத்தை நான் ஒழுங்காகப் படித்தேன். நான் மீன்வளத் துறையில் பட்டம் பெற்றவன் அல்ல. நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நண்பர்களிடம் கேட்டும், அணைகளில் பரிசல் ஓட்டுபவர்களோடு போய்ப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை இப்போது வேறு சிலரும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

கருவி வேலை செய்யும் விதம் எளிதானது. கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டால் எதிரொலி வருகிறதல்லவா, அதே தத்துவம்தான். நீருக்குள் இருக்கும் ஒரு சிறு குமிழ், நம் காதுக்குக் கேட்காத ஒலியைக் கீழ்நோக்கி அனுப்பும். அடித்தரையில் பட்டு ஒலி திரும்பி வரும். தண்ணீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகிறது. 30 அடி ஆழம் என்றால் போய்த் திரும்ப, ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான நேரம் ஆகும். அந்த நேரத்தை அளந்து ஆழத்தைக் கணக்கிட்டுத் திரையில் கோடாக வரைகிறது. நடுவில் ஏதாவது குறுக்கிட்டால் அதுவும் ஒரு புள்ளியாக விழும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மீனின் சதை ஏறத்தாழத் தண்ணீரைப் போன்றதே. அதில் ஒலி பெரிதாக எதிரொலிப்பதில்லை. ஒலியைத் திருப்பி அனுப்புவது மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பைதான். ஆகவே கருவி காட்டுவது மீனை அல்ல, மீனுக்குள் இருக்கும் காற்றை. தண்ணீருக்குள் எங்கே காற்று இருந்தாலும் அதுவும் மீனைப் போலவே தெரியும். நமது ஏரிகளில் கோடை நாட்களில் அடிச் சேற்றிலிருந்து வாயுக் குமிழ்கள் கிளம்பிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இளைஞரின் திரையில் நிறைந்திருந்த 'மீன்'களில் பாதி அந்தக் குமிழ்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூழ்கிய கருவேல முள்ளும் பாசியும் மீதியாக இருந்திருக்கும். விலை குறைந்த கருவிகளில், எதிரொலியைக் கருவியே மீன் படமாக மாற்றிக் காட்டும் வசதி ஒன்று இருக்கிறது. அது வெறும் ஊகம். அதை நிறுத்திவிட்டு, வெறும் கோடாகப் பார்க்கப் பழகுவதே நல்லது.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. திரையின் வலது ஓரம் இந்த விநாடி. இடப்பக்கம் போகப் போக அது கடந்த காலம். பரிசல் ஓரிடத்தில் நின்றிருக்க, அதன் அடியில் ஒரே ஒரு மீன் சோம்பேறியாய் நின்றால், திரையில் அது நீண்ட கோடாக விழுந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர் பெரிய கூட்டம் என்று நினைப்பார். பரிசல் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தால் அதே மீன் பத்து மீனாகிவிடும்.

ஆழத்துக்கு வருவோம்; விஷயத்தின் கரு அங்கேதான் இருக்கிறது. கருவியின் ஒலி கீழே போகப் போகக் கூம்பு போல விரிகிறது. சாதாரணக் கருவிகளில் கூம்பின் கோணம் 20 டிகிரி அளவில் இருக்கும். அப்படியானால் எந்த ஆழமோ, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள வட்டம்தான் அதன் பார்வை. 90 அடி ஆழத்தில் 30 அடிக்குச் சற்றுக் கூடுதலான வட்டம். 10 அடி ஆழத்தில்? மூன்றரை அடி. பரிசலின் வாயைவிடச் சிறியது! அந்த வட்டத்துக்குள், தலைக்கு மேல் துடுப்பு சளசளக்கும்போது, எந்த மீன் நின்று முகம் காட்டப் போகிறது?

நமது வட்டாரக் கணக்கைப் பாருங்கள். மேல்சோழங்குப்பத்தில் உள்ள மிருகண்டா நதி அணை நிறைந்தால் சுமார் 23 அடி. அதுவும் அணைக்கட்டின் அருகே. உள்ளே போகப் போகக் குறையும். ஊர் ஏரிகள் நிறைந்து வழிந்தாலும் மதகு ஓரத்தைத் தவிர மற்ற இடங்களில் ஒரு மூங்கில் கழி அடி தொடும். செங்கத்தை அடுத்த குப்பநத்தம் அணை ஏறக்குறைய 60 அடி, போளூர்ப் பக்கம் செண்பகத்தோப்பு 62 அடி. ஜவ்வாது மலைச் சரிவில் விழும் மழையை நம்பியிருக்கும் இந்த அணைகள் வருஷம் முழுதும் நிறைந்து நிற்பதும் இல்லை. மாவட்டத்தில் உண்மையான ஆழம் உள்ள நீர்நிலை, தென்பெண்ணையின் குறுக்கே 1958-ல் முடிந்த சாத்தனூர் அணை ஒன்றுதான்: 119 அடி.

ஆகவே ஏரிக் குத்தகைக்காரருக்கும், பண்ணைக் குட்டையில் மீன் வளர்ப்பவருக்கும் என் பதில் ஒரே சொல்: வேண்டாம். ஐந்தடிக் குட்டையில் மீன் இருக்கிறதா என்று பார்க்க வீச்சு வலை இருக்கிறது. ஏரியில் ஆழம் பார்க்கக் கழி இருக்கிறது. கழிக்கு பேட்டரி வேண்டாம்.

மீனின் குணத்தையும் பார்க்க வேண்டும். கலப்பு மீன் வளர்ப்பில் நாம் விடும் மூன்று மீன்களில் கட்லா மேல்மட்டத்தில் மேய்வது, ரோகு நடுமட்டம், மிர்கால் அடிமட்டம். இதை விவசாய அன்பர்கள் நன்கு அறிவார்கள். கீழ்நோக்கிப் பார்க்கும் கருவிக்கு மேல்மட்டத்துக் கட்லா அகப்படாது. பரிசலின் நிழல் விழுந்ததுமே விலகிப் போய்விடும். அடியோடு ஒட்டி மேயும் மிர்காலும், அடியில் படுத்திருக்கும் கெளுத்தியும் அடித்தரையின் கனத்த எதிரொலியில் மறைந்துவிடும். ஆரால் சேற்றுக்குள் புதையும். எந்தக் கருவியும் காட்டாது. சந்தையில் நல்ல விலை போகும் விராலோ, கரையோரக் கோரையிலும் ஆம்பல் இலைக்கு அடியிலும் முழங்கால் ஆழத்தில் இருக்கும் மீன். மிஞ்சுவது ரோகுவும், நடு நீரில் கூட்டமாகத் திரியும் சில கெண்டைகளும்தான். ஒரு ரோகுவைத் தேடுவதற்காக ஒரு கம்மல் கடைக்குப் போக வேண்டுமா?

அப்படியானால் இந்தக் கருவி உலகம் முழுதும் எப்படிப் பரவியது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1948-ல் ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் மீனவர்கள் பயன்படுத்தத் தக்க மீன் காட்டும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கடலில் மத்தி போன்ற மீன்கள் ஆயிரக்கணக்கில் கூட்டமாகத் திரிபவை. ஒரு கூட்டம் தெரிந்தால் படகு நிறையும். நமது கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி ஆழ்கடல் மீனவர்கள் இந்தக் கருவியையும் திசை காட்டும் செயற்கைக்கோள் கருவியையும் தங்கள் கைப்பொருள் போலப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு முன்பு அதே கரையின் பெரியவர்கள், கரையில் தெரியும் மலை முகடு ஒன்றையும் கோயில் கோபுரமோ மாதா கோயிலோ ஒன்றையும் நேர்கோட்டில் வைத்து, கடலடிப் பாறை எங்கே என்று 'கணியம்' பார்த்தே கண்டுபிடித்தார்கள். ஹைதராபாத்தில் 1999-ல் தொடங்கிய இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், கடல் நீரின் வெப்பத்தையும் பசுமையையும் செயற்கைக்கோள் மூலம் பார்த்து, மீன் கூடும் இடம் எது என்று கரைக்குச் செய்தியே அனுப்புகிறது.

ஆனால் கடலில் இந்தக் கருவி சம்பாதிப்பது மீனைக் காட்டுவதால் மட்டும் அல்ல, டீசலை மிச்சப்படுத்துவதால். வெறுமனே சுற்றும் ஒவ்வொரு மணிக்கும் அங்கே எண்ணெய் எரிகிறது. தேடும் நேரம் பாதியானால் செலவும் குறைகிறது. பரிசலில் என்ன எரிகிறது? நம் தோள் மட்டும்தான். கருவி விற்பவர்கள் கடல் கணக்கை ஏரிக்குக் காட்டுகிறார்கள். டிராக்டர் லாபக் கணக்கை ஒற்றை ஏர்க்காரருக்குக் காட்டுவது போன்றது இது.

இவ்வளவும் எழுதியபின் நான் கருவிக்கு எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. இளைஞரின் பணம் வீணாகிவிட்டதே என்ற உறுத்தலில், அவரையும் கருவியையும் அழைத்துக்கொண்டு சாத்தனூருக்குப் போனேன். அங்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வலை போடும் ஒரு பெரியவர் தமது பரிசலில் எங்களை ஏற்றிக்கொண்டார். கருவியைப் பார்த்துச் சிரித்தார். "மீன் எங்க இருக்குன்னு கயித்துலயே எனக்குத் தெரியும் சார்" என்றார். வலையின் மேல் கயிற்றை விரல் இடுக்கில் வைத்து, மீன் மாட்டியதா, எந்த மாதிரி மீன், பெரியதா சிறியதா என்று சொன்னார். வலையை இழுத்தபோது மூன்றுக்கு இரண்டு முறை சரியாகவே இருந்தது.

பிறகு பழைய ஆற்றுப் போக்கின் பக்கம் போனோம். அணை கட்டுமுன் தென்பெண்ணை ஓடிய பள்ளம் அது. அந்த இடத்தில் அடி சமதரை, வலைக்கு ஆபத்தில்லை என்று பெரியவர் சொன்னார். திரையிலோ அடிக்கோடு திடீரென்று இரண்டு ஆள் உயரம் எழும்பி இறங்கியது. இருமுறை போய் வந்தோம். இருமுறையும் அதே இடத்தில் அதே மேடு. கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார். கல் மரத்தில் தட்டியது. பெரியவர் சற்று நேரம் பேசவில்லை.

2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை நீர் திறக்கப்பட்டதும், தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்ட பாடும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அவ்வளவு வெள்ளம் ஓர் அணைக்குள் புகுந்து வெளியேறினால் அடித்தரை பழையபடி இருக்குமா? மரங்கள் வேரோடு வந்து அமிழும். மணல் ஒரு பக்கம் குவியும். ஒரு பக்கம் அரித்துப் பள்ளமாகும். நாற்பது ஆண்டு அனுபவம் என்பது நாற்பது ஆண்டுகளாக மாறாமல் கிடந்த அடித்தரையைப் பற்றிய அனுபவம். அது ஒரே இரவில் பழசாகிவிட்டது. அந்த ஆண்டு தமக்கு மூன்று வலை கிழிந்ததற்குக் காரணம் என்ன என்று பெரியவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. திரும்பும்போது அவரே சொன்னார்: "மீன் எங்கன்னு நான் சொல்றேன். கட்டை எங்கன்னு உங்க பொட்டி சொல்லட்டும்."

இதைவிடச் சரியாக நான் சொல்ல முடியாது. நமது அணைகளில் இந்தக் கருவிக்கு வேலை உண்டு. ஆனால் அது மீன் காட்டும் வேலை அல்ல. அடி காட்டும் வேலை.

மேட்டூர் அணையில் பண்ணவாடிப் பக்கம் நீர் இறங்கும்போது பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் தலை காட்டுவதைப் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் படம் போடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது காட்சி. வலை போடுபவருக்கு வலையை விழுங்கும் இடம். ஒவ்வோர் அணைக்குள்ளும் மூழ்கிய ஊரும், கிணறும், தோப்பும் உண்டு. செவுள் வலை ஒன்று கட்டையில் சிக்கிக் கிழிந்தால் போவது நூலும் மிதவையும் மட்டும் அல்ல. அறுந்து அடியில் தங்கிவிடும் நைலான் வலை மக்காமல் கிடந்து யாருக்கும் பயன்படாத மீனைக் கொன்றுகொண்டே இருக்கும்.

அடித்தரையின் தன்மையையும் கருவி ஓரளவு சொல்லும். பாறை, கெட்டிச் சரளை என்றால் கோடு கனமாகவும் பிரகாசமாகவும் விழும். சில சமயம் இரட்டிப்பு ஆழத்தில் இரண்டாவது கோடும் தோன்றும். சேறு என்றால் கோடு மெலிந்து மங்கும். இன்னொரு பயன்: கோடையில் ஆழமான அணைகளின் அடிநீரில் பிராணவாயு குறைந்துவிடும், மீன் அங்கே தங்காது. திரையில் எல்லாப் புள்ளிகளும் மேல் இருபது, முப்பது அடிக்குள்ளேயே நின்று, அதற்குக் கீழே வெறிச்சோடிக் கிடந்தால், வலையை அடிக்கு இறக்குவதில் பயனில்லை என்று அர்த்தம். மிதவைக் கயிற்றைச் சுருக்கி வலையை உயர்த்திக் கட்டலாம். இது காசு பெறும் தகவல்.

சரி, பரிசலில் எப்படிப் பொருத்துவது? கருவியோடு வரும் விளக்கத் தாள் தட்டையான பின்பலகை உள்ள படகுக்கு எழுதப்பட்டது. பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூங்கில் பிளாச்சில் பின்னித் தார் பூசிய பரிசலின் உள்பக்கம் குமிழை ஒட்டிவைத்தால் வேலை செய்யாது. பின்னலுக்கு இடையில் இருக்கும் காற்று ஒலியைத் தடுத்துவிடும். கெட்டியான ஃபைபர் பரிசலில், நடுவில் காற்றோ நுரைப் பலகையோ இல்லாத இடத்தில், பசையில் குமிழி இல்லாமல் ஒட்டினால் ஓரளவு வேலை செய்யும். எல்லாப் பரிசலுக்கும் பொதுவான வழி, ஐந்தடி நீளமுள்ள பி.வி.சி. குழாயின் அடியில் குமிழைத் திருகி, குழாயைப் பரிசலின் விளிம்பில் இரண்டு இடத்தில் கட்டுவது. குமிழ் நீர்மட்டத்துக்கு அரை அடி கீழே, முகம் நேர் கீழாகப் பார்த்து நிற்க வேண்டும். துடுப்பு போடும் பக்கத்திலும், வலை இறக்கும் பக்கத்திலும் கட்டாதீர்கள். துடுப்பு கிளப்பும் நுரை ஒலியை மறைக்கும். வலை குழாயைச் சுற்றிக்கொள்ளும். மேல் கட்டு இறுக்கமாகவும் கீழ்க் கட்டு ரப்பர் வாரிலும் இருந்தால், கட்டையில் மோதும்போது குழாய் மடங்கித் தப்பும். இந்த யோசனை அந்த இளைஞருடையது; சைக்கிள் டியூபில் செய்து காட்டினார்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மூடிய பேட்டரி ஒன்று போதும். சிறு திரைக் கருவிகள் ஓர் ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். பேட்டரியை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, கம்பியில் ஃபியூஸ் போட்டு, டப்பாவைப் பரிசலின் நடுவில் கட்ட வேண்டும். கருவியின் கம்பி நீளமாக இருக்கிறதென்று வெட்டி ஒட்டக் கூடாது. பக்கவாட்டிலும் பார்க்கும் விலை உயர்ந்த கருவிகள் இருக்கின்றன. அவை நேர்கோட்டில் ஓடும் படகுக்கு ஏற்றவை. காற்றடித்தால் சுழலும் பரிசலில் அந்தப் படம் குழம்பிப் போகும். அந்தச் செலவு தேவையில்லை.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால் பரிசலில் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் போன அன்று சாத்தனூரில் வந்த பரிசல்கள் ஒன்றிலும் நான் அதைப் பார்க்கவில்லை. எங்கள் பரிசலிலும் இல்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். நூறடி ஆழத்தின் மேல், இருட்டில், வட்டக் கூடையில் குனிந்து வலை இழுக்கிறவனுக்கு எது முதல் தேவை? யாராவது ஒரு திட்டத்தில் மீன் காட்டும் கருவிக்கு மானியம் கேட்டால், முதல் ரூபாய் அங்கிக்கும், இரண்டாவது ரூபாய் வலைக்கும் போகட்டும் என்றே நான் எழுதிக் கொடுப்பேன்.

கருவியை வாங்குவது தனி ஆளின் வேலை அல்ல என்பது என் திடமான அபிப்பிராயம். ஓர் அணைக்கு ஒரு கருவி போதும். சங்கம் வாங்கட்டும். ஆண்டுக்கு இருமுறை, வெள்ளம் வடிந்த பிறகு ஒரு முறையும் கோடைக்கு முன் ஒரு முறையும், இரண்டு பேர் நாலு நாள் சுற்றி அடியைப் பார்க்கட்டும். கட்டை உள்ள இடங்களில் காலி பிளாஸ்டிக் கேனை மிதவையாகக் கட்டிவிடலாம். அந்த அடையாளம் எல்லோருக்கும் பொது. தனித்தனியாக வாங்கினால் என்ன ஆகும்? தெரிந்தவன் சொல்ல மாட்டான். தெரியாதவன் அவன் பின்னால் பரிசலை விடுவான். நடுத் தண்ணீரில் சண்டை வரும். ஒரு கிணற்றில் நாலு மோட்டார் போட்ட கதையை நம் ஜனங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. கட்லாவும் ரோகுவும் தேங்கிய ஏரி நீரில் முட்டையிடுவதில்லை. நாம் விட்ட குஞ்சுதான் நமக்குத் திரும்பி வருகிறது. 1957-ல் டாக்டர் ஹீராலால் சவுத்ரி ஒரிசாவில் பிட்யூட்டரிச் சுரப்பி ஊசி போட்டுக் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தாரே, அது ஏரிக்குள் இருக்கும் மீனின் எண்ணிக்கையைக் கூட்டிய கண்டுபிடிப்பு. திரைக் கருவி அப்படிப்பட்டதல்ல. ஏற்கெனவே இருக்கும் மீனை நாலு நாள் முன்னதாகப் பிடிக்க உதவும், அவ்வளவே. விட்ட குஞ்சு விரல் நீளத்துக்கும் குறைவாக இருந்து வாளைக்கும் விராலுக்கும் இரையாகிப் போனால், எந்தக் கருவியைக் கட்டி என்ன பயன்? நாலு அங்குலத்துக்குக் குறையாத குஞ்சாக விடுவதும், சிறு கண்ணி வலையை ஒழிப்பதும்தான் ஆழியாறு போன்ற அணைகளில் விளைச்சலைக் கூட்டிக் காட்டிய வழிகள். இத்தனை கருவிகள் உள்ள கடலிலேயே, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை போட வேண்டியிருக்கிறது. கண் கூர்மையானால் கை அடங்க வேண்டும் அல்லவா?

கலசப்பாக்கத்து இளைஞரின் கருவியை விற்றுக் கொடுக்க முயன்றேன். பழைய பொருளுக்குப் பாதி விலைகூடக் கிடைக்கவில்லை. இப்போது சாத்தனூர்ப் பெரியவரும் அவர் கூட்டாளிகளும் வெள்ளத்துக்குப் பிறகு கட்டை பார்க்க அவரைக் கூப்பிடுகிறார்கள்; சாப்பாடும் ஒரு நாள் கூலியும் கொடுக்கிறார்கள். கம்மல் இன்னும் மீளவில்லை. வட்டியை நானும் அவரும் பேசித் தீர்த்துக்கொண்டோம்.

அவருடைய ஏரிக்கு நான் சொல்லியிருக்கும் யோசனை செலவில்லாதது. சித்திரை கடைசியில் தண்ணீர் மதகுப் பள்ளத்துக்கு இறங்கியதும், பங்காளிகள் நாலு பேரும் ஏரிக்குள் கால்நடையாக இறங்கி, கருவேல முண்டு, பழைய வேலிக் கம்பி, கல் எதுவானாலும் பிடுங்கிக் கரையேற்ற வேண்டும். பிடுங்க முடியாததன் அருகில் ஒரு மூங்கிலை ஆழ நட்டு, நீர் ஏறினாலும் தலை தெரியும் உயரத்துக்கு விட்டுவைக்க வேண்டும். அப்படியே கரைப் பனைமரங்களை அடையாளம் வைத்து ஒரு நோட்டில் படமும் வரைந்துகொள்ளலாம். இந்தக் கோடையில் அதைச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். நானும் ஒரு நாள் போகலாம் என்றிருக்கிறேன்.